அப்புக்காத்து வாங்கிய ட்ராக்டர்

தம்பிமார், தங்கச்சிமார், ஒரு கல்யாண வீட்டுக்கு வந்த இருபத்துமூன்று கார்களைச் சேற்றுக்குள் இறக்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பலெர்மோவைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் வில்லாக்களுக்கும் இப்போது வேலைக்குப் போகிற உங்களில் சிலர் என்னிடம் வந்து, "அண்ணை, நீங்கள் இவ்வளவு காலம் ட்ராக்டர் ஓடினனீங்கள். என்ன மிசின் நல்லது, பின்னுக்கு என்னத்தைப் பூட்டலாம் எண்டு ஒருக்கா எழுதித் தாருங்கோ" என்று கேட்டீர்கள். எத்தனை குதிரைவலு, என்ன எண்ணெய், எங்கே எங்கே கிரீஸ் என்பதெல்லாம் மிசினோடு வருகிற புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் இல்லாதது நான் விட்ட பிழைகள். அவற்றைத்தான் எழுத முடியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் மனைவி பிலோமினாவும் பலெர்மோவின் சீசா என்கிற பகுதியில் நாலாம் மாடியில் ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில் இருந்தோம். அவள் பொலிதேயாமாப் பக்கம் ஒரு வழக்கறிஞர் வீட்டில் துப்புரவும் சமையலும் பார்த்தாள். நான் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். கடைக்காரர் திடீரென்று கடையை மூடப்போவதாகச் சொன்னார். நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க எனக்குச் சில மாதங்களே இருந்தன. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராவின் பொலிஸ் யன்னல் வரிசையில் போய் நிற்பது எப்படி என்று உங்களில் அனேகருக்குத் தெரியும்.

அந்தக் கிழமை பிலோமினா அயன் பண்ணிக்கொண்டிருக்கும்போது வழக்கறிஞரின் மனைவி, சிஞ்ஞோரா, வந்து குறைப்பட்டிருக்கிறார். கணவருக்கு மொன்றியாலே ஊருக்குப் போகிற பக்கம் மலைச்சரிவில் ஒரு பரம்பரைத் தோட்டம். எலுமிச்சை, ஒலிவ், ஒரு பழைய வீடு. பார்த்துக்கொண்டிருந்த மனிதர் வேலையை விட்டுவிட்டார், புல் கழுத்துவரை வளர்ந்துவிட்டது. மகளின் கல்யாண விருந்தை இலையுதிர் காலத்தில் அங்கேதான் வைக்க வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக நிற்கிறார். ட்ராக்டர் ஓடத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை.

பிலோமினாவிடம் அப்போது இருந்த இத்தாலியன் பாஷை கொஞ்சம்தான். "என் கணவன். ட்ராக்டர். பெரிசு!" என்று சொல்லியிருக்கிறாள். எவ்வளவு பெரிசு என்று காட்ட இரண்டு கையையும் விரித்தாளாம். ஒரு கையில் சூடான அயன்பெட்டி இருந்ததாம். சிஞ்ஞோரா பின்னால் பாய்ந்த வேகத்திலேயே எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உண்மையில் நான் ட்ராக்டர் ஓடியது மன்னாரில், கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே உள்ள வயல்களில். அந்த நிலம் மேசை மாதிரி. அங்கே சரிவு என்றால் வாய்க்கால் வரம்பு மட்டும்தான். ஒரு கலப்பை, ஒரு இழுவைப் பெட்டி, இந்த இரண்டையும் தவிர வேறெதையும் ட்ராக்டரின் பின்னால் பூட்டியதில்லை.

வழக்கறிஞரை இத்தாலியில் அவொக்காத்தோ என்பார்கள். எங்கள் ஊர் அப்புக்காத்துதான், சொல்லே அரைவாசி ஒன்று. அதனால் வீட்டில் நாங்கள் அவரை அப்புக்காத்து என்றே கதைப்போம். ஒல்லியான, உயரமான மனிதர். சட்டைப் பையில் மடித்த கைலேஞ்சி. யாரோடு கதைத்தாலும் கோர்ட்டில் நிற்பதுபோலவே கதைப்பார். என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்.

"ட்ராக்டர் ஓடுவியோ?"

"ஸீ."

"சரிவிலை ஓடுவியோ?"

"ஸீ."

"பின்னுக்குப் பூட்டுற சாமான் எல்லாம் தெரியுமோ?"

"ஸீ, ஸீ."

ஸீ என்றால் ஓம். இரண்டாவதும் மூன்றாவதும் பொய். ஊரில் பெரிய மனிதர் ஒருவர் கேட்டால் "ஓம் ஐயா" என்றுதான் வாய் வரும். அதே வாய்தான் இங்கேயும் விமானம் ஏறி வந்திருந்தது.

அடுத்த கிழமை அவர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ட்ராக்டர் விற்கிற இடத்துக்குப் போனார். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு நின்றன. அப்புக்காத்து கார் வாங்குகிற மாதிரி ட்ராக்டர் வாங்கினார். நிறத்தைப் பார்த்தார். கதவைத் திறந்து மூடிச் சத்தத்தைக் கேட்டார். இருக்கையில் அமர்ந்து துள்ளிப் பார்த்தார். கடைசியில் முற்றத்திலேயே பெரிதாக, கண்ணாடிக் கூண்டு வைத்து, என் நெஞ்சு உயரத்துக்குப் பின்சில்லுகளோடு நின்ற ஒன்றின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படி?" என்று என்னைக் கேட்டார்.

நான் தோட்டத்தை ஏற்கெனவே ஒருமுறை போய்ப் பார்த்திருந்தேன். எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவில் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு நடக்கலாம், மூன்றாவது ஆள் பின்னால்தான் வரவேண்டும். மரங்கள் தாழ்ந்து கிளைவிட்டவை. அந்தக் கண்ணாடிக் கூண்டு எப்படி அதற்குள் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்புக்காத்தின் முகத்தில் அப்படியொரு சந்தோசம். அதைக் கெடுத்தால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார் என்று பயந்தேன்.

"வடிவான மிசின்" என்று சொன்னேன். அது பொய்யில்லை. மிசின் வடிவாகத்தான் இருந்தது.

விற்பனையாளர் உச்சிகுளிர்ந்துபோய், பின்னால் பூட்டுகிற இரண்டு சாமான்களையும் சேர்த்துத் தந்தார். ஒன்று ஃப்ரேசா: சுழல்கிற கத்திகள் மண்ணைக் கிண்டிப் பொடியாக்கும். மற்றது திரிஞ்சா: மண்ணைத் தொடாமல் புல்லை வேருக்கு மேலே நறுக்கி அதன்மேலேயே பரப்பிவிடும். இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்திருங்கள். என் மானம் போனது இவற்றுக்கு நடுவில்தான்.

ட்ராக்டர் லொறியில் வந்து இறங்கிய நாளன்று அப்புக்காத்து குடும்பத்தோடு வந்து நின்றார். தோட்டத்தின் கேற்றுக்கு இரண்டு பக்கமும் கல்தூண். நான் இருபது அடி தூரத்தில் வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேற்றுவரை ஓடினேன். சில சமயம் தூரத்தில் பார்க்கும்போது சின்னதாகத் தெரியும் கேற்று கிட்டப்போனால் பெருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை.

பெருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் இடித்தது.

"கொஞ்சம் சரிச்சுக் கொண்டு வா!" என்றார் அப்புக்காத்து. ட்ராக்டரை என்ன, அலுமாரி மாதிரிச் சரித்துக் கொண்டு போவதா?

அப்போதுதான் வேலிக்கு அப்பால் ஒரு சிரிப்புக் கேட்டது. பக்கத்து எலுமிச்சைத் தோட்டம் ரொசாலியா என்கிற பெண்ணுடையது. என்னை விடப் பத்து வயது இளையவர், தனியாகவே தோட்டத்தை நடத்தினார். சில்லுக்குப் பதிலாக இரும்புப் பட்டையில் ஊர்கிற ஒரு குட்டி ட்ராக்டர் வைத்திருந்தார். நிறம் போய், இருக்கையில் சாக்கு கட்டியிருந்த பழைய சாமான். அதில் இருந்தபடியே கத்திச் சொன்னார்:

"அவொக்காத்தோ, கேற்றை அளந்துபோட்டே வாங்கினனீங்கள்? இல்லாட்டி மிசின் வளரும் எண்டு தெரியாமல் குட்டியாய் இருக்கேக்கை வாங்கினனீங்களோ?"

அப்புக்காத்துக்குக் காது சிவந்தது. பின்பக்க மதிலில் பத்து அடியை உடைத்து ட்ராக்டரை உள்ளே எடுத்தோம். அதன்பிறகு எலுமிச்சை வரிசைக்குள் முதல்தரம் போனபோது கூண்டு கிளைகளில் உரசி, பழங்கள் மேலே தடதடவென்று விழுந்தன. ஒரு வரிசை முடிந்து வெளியே வரும்போது கண்ணாடியில் வெடிப்பு, கூரையில் இரண்டு கூடை எலுமிச்சம்பழம். ரொசாலியா தன் பக்கத்தில் நின்று, "பிடுங்கிற மிசினெண்டு சொல்லவேயில்லை!" என்றார்.

பிள்ளைகள், கடைக்குப் போகமுதல் தோட்டத்தை அளவுநாடாவோடு நடவுங்கள். கேற்று, வரிசை, தாழ்ந்த கிளை, திரும்புகிற மூலை. மிசினை அதற்குப் பிறகு பாருங்கள். அளந்தது சரிவராவிட்டால் வாய் திறந்து சொல்லுங்கள். அளக்காமல் விட்டது என் முதல் பிழை என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். இல்லை. கண்ணால் அளந்துவிட்டிருந்தேன். சொல்லாமல் விட்டதுதான் பிழை.

கோடை முழுக்க ஒருமாதிரிச் சமாளித்தேன். வரிசைகளுக்குள் கைமிசினாலும் மண்வெட்டியாலும் வேலை செய்தேன். பெரிய ட்ராக்டரை ஒலிவ் மரங்களுக்கு நடுவில் உள்ள அகலமான இடத்தில் மட்டும் ஓடினேன். அப்புக்காத்து வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவி வீட்டு வாசலில் நிறுத்துவேன். அவர் அதன் பக்கத்தில் நின்று கோப்பி குடிப்பார்.

கல்யாணத்துக்கு முந்திய புதன்கிழமை அவர் வந்து வீட்டுக்குக் கீழே உள்ள காணியைக் காட்டினார். மேலே ஓரளவு சமம், கீழே போகப்போகச் சரிவு. முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல்லும் முள்ளும்.

"கார் எல்லாம் இஞ்சைதான் நிக்கப்போகுது. எனக்கு ஒரு புல்லும் தெரியக்கூடாது. கம்பளம் மாதிரி வடிவாய் இருக்கவேணும். நல்ல கபில நிற மண், அதுக்கு மேலை வெள்ளை உடுப்பு. படம் எடுக்க எப்படி இருக்கும்!"

அதாவது ஃப்ரேசா போட்டுக் கிண்டச் சொல்கிறார். நான் அவர் போனபின் வேலிக்கு அப்பால் நின்ற ரொசாலியாவிடம் கேட்டேன். அவர் வானத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"வெட்டு, கிண்டாதை. திரிஞ்சாவைப் போடு. புல்லின்ரை வேர்தான் அந்த மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்கு. கிண்டிவிட்டால் அது மண்ணில்லை, மா. ஒரு மழை வந்தால் களி."

"அவருக்கு வடிவாய் இருக்கவேணுமாம்."

"அப்ப அவருக்குச் சொல்லு."

நான் சொல்லவில்லை. பெர்மெஸ்ஸோவுக்குரிய ஒப்பந்தத்தைக் கல்யாணம் முடிந்ததும் எழுதித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை ஃப்ரேசாவைப் பூட்டி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தரம் ஓடினேன். என் கைவேலையை நானே சொல்லக்கூடாது, மண் அப்படிப் பூப்பூவாக வந்தது. காலை வைத்தால் கணுக்கால்வரை இறங்கியது. மன்னாரில் விதைப்புக்கு முதல் ஒருவன் இப்படி உழுதுவிட்டு மழையை எதிர்பார்த்திருப்பான். நான் சனிக்கிழமை காலையில் எழும்பி, மழை வரக்கூடாது என்று மடு மாதாவிலிருந்து பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவரை எல்லோரையும் மன்றாடினேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். கோயில் முடிந்து ஆட்கள் வந்தார்கள். கார்கள் வரிசையாகக் கம்பளத்தில் இறங்கி நின்றன. மாப்பிள்ளையின் கார் பூ கட்டி, எல்லாவற்றுக்கும் கீழே, படத்துக்கு வடிவாக நின்றது. பிலோமினா வெள்ளை ஏப்ரன் போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் இரவு எட்டு மணிக் கப்பலில் நாப்பொலி நகரத்துக்குப் போவதாக ஏற்பாடு.

பிற்பகல் மூன்று மணிக்கு, மீன் கோப்பைகள் வந்துகொண்டிருந்த நேரம், மலைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு முகில் எட்டிப் பார்த்தது. அரை மணித்தியாலம் பெய்தது. கோடைக்குப் பிறகு வருகிற முதல் மழை, ஆத்திரத்தோடு பெய்தது. கூடாரத்துக்குள் எல்லோரும் கைதட்டினார்கள். கல்யாணத்தன்று நனைந்தால் அதிர்ஷ்டம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கோப்பை தூக்கினார்கள். நான் குசினிக் கதவில் நின்று கார்களின் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை மெல்ல மெல்லக் கட்டையாகிக்கொண்டிருந்தன.

ஐந்து மணிக்கு முதல் கார் எடுக்கப் பார்த்தார்கள். சில்லு சுற்றியது, கார் அசையவில்லை. பின்னால் நின்ற சாம்பல் நிறச் சூட்டுப் போட்ட பெரியவர் ஒரு வினாடியில் கபில நிறமானார். இரண்டாவது கார் பக்கவாட்டில் வழுகி மூன்றாவது காரோடு கொஞ்சியது. ஒரு பெண்ணின் உயரக் குதிச் சப்பாத்து அங்கேயே நின்றுவிட, அவர் மட்டும் நடந்து போனார். இருபத்துமூன்று கார். ஒன்றுகூட அசையவில்லை.

அப்புக்காத்து என்னைத் தேடவில்லை. நேரே ட்ராக்டரைக் காட்டினார். அவர் முகத்தில் கவலை இல்லை, பெருமை. இந்த நாளுக்காகத்தான் அந்தப் பெரிய மிசினை வாங்கியதுபோல எல்லோருக்கும் கையை நீட்டிக் காட்டினார்.

மேலே சமமாக இருந்த இடத்தில் நின்ற கார்களை நான் கற்தரையில் நின்றபடி ஒவ்வொன்றாக இழுத்தேன். சங்கிலியை ட்ராக்டரின் பின்னால் கீழே உள்ள இழுவைக் கம்பியில் கொழுவி, மெல்ல, நேராக. ஆறு கார் வெளியே வந்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பிலோமினா தட்டத்தோடு நின்று, "அது என்ரை மனுசன்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள்.

ஆறரை மணி. கப்பல் நெருங்குகிறது. அப்புக்காத்து மற்றக் கார்களை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் காரை எடுக்கச் சொன்னார். அது கீழே, சரிவில். நான் ட்ராக்டரோடு சேற்றில் இறங்கினேன். முகப்பை மேட்டுப் பக்கம் திருப்பி, சங்கிலி போட்டு இழுத்தேன். பின்சில்லு சுற்றிச் சுற்றி, தனக்குத் தானே கிடங்கு தோண்டியது.

இப்போது உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டு சூட்டுக்காரர்கள், பன்னிரண்டு யோசனைகள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் கட்டட எஞ்சினியர். அவர் ஒரு கைதுடைக்கும் தாளில் படம் கீறினார். சங்கிலி கீழே இருப்பதால்தான் கார் மண்ணுக்குள் இழுபடுகிறதாம். சங்கிலியை மேலே, இருக்கைக்குப் பின்னால் உள்ள கொழுக்கியில் போட்டால் காரைத் தூக்கியபடி இழுக்கலாமாம். அப்புக்காத்து தாளை வாங்கிப் பார்த்து, கோர்ட்டில் தீர்ப்பு வந்த மாதிரித் தலையாட்டினார்.

"மேலை கொழுவு."

"ஸீ" என்றேன். கொழுவினேன். ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டேன்.

முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. ஒரு சாண்தான் இருக்கும். கண்ணாடிக்கு முன்னால் வீடு தெரிந்துகொண்டிருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. என் முதுகு இருக்கையோடு ஒட்டியது. இன்னும் ஒரு நொடி விட்டால் அந்த மிசின் முழுக்கப் பின்னுக்குப் புரண்டு என்மேல் படுக்கும். சங்கிலி மேலே இருந்தால், கீழே சில்லு இறுகி நின்றால், இழுக்கிற விசை காரை விட்டுவிட்டு ட்ராக்டரைத்தான் கவிழ்க்கும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கால் தானாகக் கிளச்சை மிதித்தது. முன்சில்லு தொப்பென்று விழுந்தது.

நான் மிசினை நிற்பாட்டினேன். சாவித் துவாரத்திலிருந்து திறப்பை இழுத்தேன். களிசான் பைக்குள் வைத்தேன். இறங்கினேன்.

"என்ன?" என்றார் அப்புக்காத்து.

"நோ."

பலெர்மோவுக்கு வந்து எத்தனையோ வருசம். ஒரு இத்தாலியனுக்கு நான் சொன்ன முதல் "நோ" அதுதான்.

"பயமோ?"

"ஓம்" என்றேன், தமிழில். பிறகு இத்தாலியனில் திருத்தினேன். "ஸீ. பயம். இந்தச் சரிவிலை, இந்தக் கொழுக்கியிலை, ஆர் ஏறினாலும் செத்துப்போவான். திறப்பைத் தரமாட்டன்."

எஞ்சினியர் தன் தாளைக் காட்டினார். அப்புக்காத்து மணிக்கூட்டைக் காட்டினார். சத்தம் போட்டார். பிலோமினா ஏப்ரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி வந்தாள்.

"என்னப்பா செய்யிறியள்? உங்களுக்கு விசரே? திறப்பைக் குடுங்கோ. இவர் கடுதாசி எழுதித் தராட்டி எங்கை போவம்?"

"பிலோமினா, மிசின் பின்னுக்குப் புரளப் பாத்தது. நான் செத்தால் கடுதாசி ஆருக்கு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ட்ராக்டரின் முன்சில்லு விழுந்து பதிந்த குழியைப் பார்த்தாள். ட்ராக்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அது பெரிசு என்பது மட்டும்தான். திரும்பினாள். கையில் இருந்த பெரிய பரிமாறுகிற கரண்டியோடு அப்புக்காத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"என் கணவன் சொல்றது சரி" என்றாள் இத்தாலியனில். "முழுக்கச் சரி."

அயன்பெட்டிக் கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்புக்காத்து ஓரடி பின்னால் வைத்தார். அங்கே களி. முழங்கால்வரை போனார்.

அந்த நேரம் உடைத்த மதில்வழியாகக் கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. ரொசாலியா தன் நிறம் போன குட்டி ட்ராக்டரில் உள்ளே வந்துகொண்டிருந்தார். அவரை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கவில்லை. நின்ற கோலத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. நேரே போய் மேற்கொழுக்கியில் கிடந்த சங்கிலியைப் பார்த்து, "இதை ஆர் போட்டது?" என்று கேட்டார்.

எஞ்சினியர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"திறப்பு எங்கை?" என்று ரொசாலியா என்னைக் கேட்டார்.

பையைத் தட்டிக் காட்டினேன்.

"நல்லது. அங்கையே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். ரொசாலியா பன்னிரண்டு சூட்டுக்காரர்களையும் வரிசையில் நிற்பாட்டி, நான் வெட்டிக் குவித்திருந்த ஒலிவ் கிளைகளைச் சுமக்க வைத்தார். எஞ்சினியருக்கு இரண்டு கட்டு. அப்புக்காத்து ஒரு கால் சப்பாத்தோடும் மற்றக் கால் மேசோடும் கிளை இழுத்தார். கிளைகளைக் கார்ச் சில்லுகளுக்கு முன்னால் பாதைபோலப் பரப்பினோம். சங்கிலியைத் தாழக் கட்டினோம். நீளச் சங்கிலி, குட்டி ட்ராக்டர் மேலே உறுதியான நிலத்தில். அதன் இரும்புப் பட்டை எங்கும் அமிழவில்லை. ரொசாலியா மெல்ல இழுத்தார், நான் காரில் ஏறிச் சுக்கானைப் பிடித்தேன். மாப்பிள்ளையின் கார் கேக்குக்குள்ளிருந்து கத்தி வருவதுபோல வந்தது.

ஏழு மணி தாண்டியிருந்தது. பூவெல்லாம் சேறு. மாப்பிள்ளையும் பெண்ணும் வெறுங்காலோடு ஏறி, சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் கதைத்தார்கள். கப்பலைப் பிடித்துவிட்டார்களாம். மற்றக் கார்களை இருட்டினபிறகு லைற் வெளிச்சத்தில் எடுத்து முடித்தோம். கடைசியாக எடுத்தது எங்கள் பெரிய ட்ராக்டரை. அந்தக் குட்டி ட்ராக்டர் அதை இழுத்துக்கொண்டு போனபோது அப்புக்காத்து மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிலோமினா கல்யாணக் கேக்கில் பெரிய துண்டை வெட்டி ரொசாலியாவிடம் கொடுத்தாள். யாரையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பொலிதேயாமாவில் உள்ள தன் அலுவலகத்துக்கு வரச்சொல்லி அப்புக்காத்து ஆள் அனுப்பினார். பிலோமினா என் சேர்ட்டைச் செத்தவீட்டுக்குப் போகிற ஆளுக்கு அயன் பண்ணுவதுபோல அயன் பண்ணித் தந்தாள். நான் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"காணியைக் கிண்டினால் இப்படி வரும் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஸீ."

"கேற்றுக்குள்ளாலை மிசின் போகாது எண்டும்?"

"ஸீ."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சந்தோசமாய் நிண்டியள், அவொக்காத்தோ. எனக்கு வேலை தேவையாய் இருந்தது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேறை என்ன என்ன தெரிஞ்சும் சொல்லாமல் இருக்கிறாய்?"

நான் யோசித்தேன். இனி மறைத்துப் பயனில்லை. மேல்தட்டில் கல்மதில் வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதைச் சொன்னேன். தண்ணீர்ப் பம்புக்கு வாஷர் இல்லாததைச் சொன்னேன். வீட்டு வாசலில் அவர் ஆசையாக நட்ட பனைகளில் ஒன்று செத்துப்போய் மூன்று மாதம் என்றும், நான் அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டியதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, அவர் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். இரண்டு பக்கம் வந்தது.

அந்தக் கிழமையே பெரிய ட்ராக்டரைத் திருப்பிக் கொடுத்து மாற்றப் போனோம். அப்புக்காத்து ரொசாலியாவையும் வரச்சொல்லிக் கேட்டார். ரொசாலியா ஒவ்வொரு ட்ராக்டரிலும் ஏறி இருந்தார். பிரேக் எட்டுகிறதா, பின்னால் திரும்பினால் பூட்டிய சாமான் தெரிகிறதா, கவிழ்ந்தால் காக்கிற வளைவு மடக்கக் கூடியதா என்று பார்த்தார். நான் அளவுநாடாவோடு அகலத்தையும் உயரத்தையும் எடுத்துச் சத்தமாகச் சொன்னேன். விற்பனையாளர் நிறத்தைப் பற்றித் தொடங்கியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நோ" என்றோம். அப்புக்காத்து வாசலில் ரொசாலியாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒடுக்கமான, பதிவான, வடிவே இல்லாத ஒரு ட்ராக்டரை எடுத்தோம். நான் வேலையை விடும்வரை அதைத்தான் ஓடினேன். திரிஞ்சா தேய்ந்துபோய் இரண்டு தரம் கத்தி மாற்றினேன். ஃப்ரேசா கொட்டிலில்தான் கிடந்தது. எப்போதாவது காய்கறிப் பாத்திக்கு எடுப்பேன்.

பின்னுக்கு என்னத்தைப் பூட்டலாம் என்று கேட்டீர்கள். வேலை முடிந்தபிறகு அந்த மண் எப்படி இருக்கவேண்டும் என்று முதலில் யோசியுங்கள், பூட்டவேண்டியது தானாகத் தெரியும். இழுக்கிறதென்றால் எப்போதும் தாழக் கொழுவுங்கள். சரியில்லை என்று உங்கள் முதுகுக்குத் தெரிந்தால் யார் நின்று கத்தினாலும் மிசினை நிற்பாட்டி இறங்குங்கள். சூட்டுப் போட்டவர்கள் கூடுதலாக நிற்கிற இடத்தில் கெதியாக இறங்குங்கள்.

ஒப்பந்தம் எழுதி வந்தது. நான் அதை வாசித்துப் பார்க்காமலே உறையில் வைத்துக்கொண்டு குவெஸ்தூராவுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் எல்லோருடைய கடுதாசியிலும் அப்போது தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலையாள் என்றுதான் இருக்கும். யன்னலுக்கு அப்பால் இருந்தவர் என் தாளைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ட்ராக்டர் சாரதி எண்டு கிடக்கு. எழுத்துப் பிழையோ?"

நான் எட்டி, அவருடைய விரலுக்குக் கீழே இருந்ததை வாசித்தேன். அப்புக்காத்தின் வடிவான கையெழுத்து.

"இல்லை" என்று சொன்னேன். "அது பிழை இல்லை."